செம்பைத் தேடி – 7: அக்னிகுண்டலாவின் பச்சைப் பாறை

தமிழ்நாட்டின் வடக்கே மணவூர் என்ற ஊருக்கு அடுத்த ரயில் நிலையம் திருவாலங்காடு. ராஜேந்திர சோழன் பழையனூரை அவ்வூர்க் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லும் 31 செப்பேடுகள் 1905-ல் கிடைத்தன. அவற்றின் எழுத்தைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நம் தொடருக்கு முக்கியம், எழுத்தைத் தாங்கிய உலோகமான செம்பு. அது கிடைக்கும் இடத்தைத் தேடி வடக்கே போவோம்.

மணவூருக்கு வடக்கே நகரி மலை. ஆந்திரத்தில் பிறை வடிவில் விரிந்து கிடக்கும் கடப்பைப் படுகையின் தென்முனை இது. சுமார் 44,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தப் படுகை, ஒரு காலத்தில் மணலும் சேறும் சுண்ணமும் அடுக்கடுக்காகப் படிந்த பழங்கடல். திருப்பதி மலைப்பாதையில் போகிறவர்கள், மிக மூத்த கிரானைட்டின்மேல் நகரி குவார்ட்சைட் அமர்ந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

செம்பு இருப்பது இதே படுகையின் வடகிழக்கில், வினுகொண்டா பக்கம் உள்ள அக்னிகுண்டலாவில். உலோகத்தைச் சுமந்த கரைசல்கள் அங்கே டோலமைட் பாறையில் கந்தகத்தோடு சேர்ந்து, செம்பும் ஈயமும் சல்பைடுகளாகத் தங்கிவிட்டன. மழையும் காற்றும் பட்ட மேற்பகுதி பச்சையானது. அந்த நிறத்தைப் பிடித்துக்கொண்டுதான் பழைய ஆட்கள் தோண்டினார்கள். அவர்கள் பெயர் எந்தச் செப்பேட்டிலும் இல்லை. ஆனால் பின்னால் வந்த எல்லோருக்கும் வழிகாட்டியவை அவர்கள் விட்டுப்போன குழிகளும் உலைக் கசடும்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பெஞ்சமின் ஹெய்ன். ஜெர்மானியர், மொரேவிய சபையைச் சேர்ந்தவராகத் தரங்கம்பாடியில் இறங்கி, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலர் ஆனவர். செடி தேடப் போன மனிதர் கல்லையும் விடவில்லை. அக்னிகுண்டலா செம்புச் சுரங்கம் பற்றிய அவருடைய அறிக்கை, 1814-ல் லண்டனில் வெளியான அவரது நூலில் இருக்கிறது. மைசூர்ப் பக்கத்திலிருந்து அவர் கொண்டுபோன செம்புக் கல்லை ஆராய்ந்த வேதியியலாளர் தாமஸ் தாம்சன், அது புதிய கனிமம் என்றே நம்பினார்; 'மைசூரின்' என்று பெயரும் வந்தது. பிற்பாடு அது கலப்படமான மாலகைட் என்று தெரிந்தது.

1872-ல் நிலவியலாளர் வில்லியம் கிங் கடப்பைப் பாறைகளை முறையாக விவரித்தார். சுதந்திரத்துக்குப் பின் அக்னிகுண்டலாவில் நடந்த ஆய்வில் மூன்று இடங்கள் தேறின: நல்லகொண்டாவில் செம்பு, தூகொண்டாவில் செம்பும் ஈயமும், பண்டலமொட்டுவில் ஈயம். சுரங்கமாக நன்றாக ஓடியது பண்டலமொட்டுதான். ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் அங்கே ஈயம் எடுத்தது. செம்பைத் தேடிப் போன இடத்தில் ஈயம் முந்திக்கொண்டது.

நெல்லூர்ப் பக்கத்துக் கரிமாணிபெண்டாவிலும் செம்பு உண்டு; ஆனால் அங்கே பாறையும் வேறு, கதையும் வேறு. அது அடுத்த வாரம்.

(தொடரும்)