தடம் யாருடையது? அமெரிக்கப் பயணி ரயில் சொல்லும் பாடம்

ஊருக்குப் போக இன்னொரு வண்டி வேண்டும் என்று மனுக் கொடுக்காத தமிழ்ச் சங்கம் வெளிமாநிலத்தில் இருக்குமா என்பது சந்தேகம்தான். அப்படிப்பட்ட மனுக்கள் சிலவற்றில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “பாதையில் இடமில்லை.” இதை நான் வெகுகாலம் வெறும் சாக்கு என்றே நினைத்து வந்தேன். அமெரிக்க ரயில் வரலாற்றைப் படித்த பிறகுதான், இந்த இரண்டு சொல்லுக்குள் எவ்வளவு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது என்று புரிந்தது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நம் நாட்டில் எக்ஸ்பிரஸ் வருகிறதென்றால் கூட்ஸ் வண்டியை லூப் லைனில் ஒதுக்கி நிறுத்துவார்கள். “கூட்ஸ்தானே, நிக்கட்டும்” என்பது நமக்குப் பழகிப்போன வழக்கம். அமெரிக்காவில் பல தடங்களில் இது தலைகீழ். பயணி வண்டி ஓரமாக நிற்க, சரக்கு வண்டி தடதடவென்று கடந்து போகும். காரணம் எளிது. அங்கே தண்டவாளமும் நிலமும் சிக்னலும் தனியார் சரக்குக் கம்பெனிகளின் சொத்து. ஆம்ட்ராக் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் பயணி வண்டிகள் ஓடும் தூரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பிறருடைய தடத்தின் மேல்தான். பயணி அங்கே குடித்தனக்காரர், சரக்குக் கம்பெனி வீட்டுக்காரர். குழாயில் தண்ணீர் குறைந்தால் யார் குடம் முதலில் நிறையும் என்பது வாடகை வீட்டில் இருந்த நமக்குச் சொல்லியா தெரிய வேண்டும்?

ஆனால் இந்தக் குடித்தனக்காரர் வெறுங்கையோடு வந்தவர் அல்ல. ஒரு காலத்தில் பயணி வண்டிகளையும் அதே கம்பெனிகள்தான் ஓட்டின. நெடுஞ்சாலையும் விமானமும் வந்து பயணிகளைக் கொண்டு போயின. 1967-இல் அஞ்சல் துறை ரயில் தபால் பெட்டிகளைப் பெருமளவில் விலக்கிக்கொண்டது. அந்த வருமானமும் போனதும் நஷ்டம் தாங்க முடியவில்லை. நினைத்தபடி வண்டியை நிறுத்தவும் அரசின் அனுமதி வேண்டியிருந்தது. 1970 அக்டோபரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு வழி செய்தது. 1971 மே 1 அன்று ஆம்ட்ராக் ஓடத் தொடங்கியது. அன்றைக்கே நாட்டின் பயணி வண்டிகளில் ஏறக்குறைய பாதி நின்றுபோயின. மீதியை ஆம்ட்ராக் ஏற்றது. கம்பெனிகளின் தலைச்சுமை இறங்கியது. அதற்குக் கைம்மாறாக, ஆகும் கூடுதல் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு தடத்தில் இடம் தர வேண்டும் என்பது ஏற்பாடு.

சொன்னபடி இடம் கிடைத்ததா? முறையீடுகள் எழுந்ததும், 1973-இல் சரக்கு வண்டியைவிடப் பயணி வண்டிக்கே முன்னுரிமை என்று சட்டத்தில் எழுதிச் சேர்த்தார்கள். ஆனால் அதை மீறினால் வழக்குத் தொடுக்கும் உரிமை ஆம்ட்ராக்குக்கு இல்லை. மத்திய நீதித் துறைக்கு மட்டுமே. அந்தத் துறை முதல் வழக்கைப் போட்டது 1979-இல். அடுத்த வழக்கு எப்போது தெரியுமா? 2024-இல்! இடையில் 45 வருஷம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான்.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. தடத்தைப் பழுது பார்ப்பதும், அதற்கு வரி கட்டுவதும் அவர்கள்தான். மெதுவாகப் போகும் சரக்கு வண்டிகளுக்கு நடுவே மணிக்கு 79 மைல் வேகத்தில் ஒரு பயணி வண்டியை நுழைத்தால், பல சரக்கு வண்டிகளுக்கான இடம் போய்விடும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. செலவைக் குறைக்கச் சரக்கு வண்டிகளை நீளமாக்கிக்கொண்டே போனார்கள். சில வண்டிகள் இரண்டு மைலையும் தாண்டும். லூப் லைனோ பழைய நீளம்தான். லூப்பில் அடங்காத வண்டியை எப்படி ஒதுக்கி நிறுத்துவது? அப்புறம் சட்டம் என்ன சொன்னாலும் குட்டை வண்டியான பயணி வண்டிதான் ஒதுங்க வேண்டும்.

இந்த முடிச்சை மூன்று இடங்களில் மூன்று விதமாக அவிழ்த்தார்கள்.

முதலாவது கலிபோர்னியா. 1990-இல் மக்கள் வாக்களித்து ரயிலுக்கென்று கடன் பத்திரம் வெளியிட ஒப்புதல் தந்தார்கள். 1991 டிசம்பரில் சான் ஹோசே - சாக்ரமெண்டோ தடத்தில் தினம் மூன்று ஜோடி வண்டிகள் ஓடத் தொடங்கின. மாநிலம் வெறுமனே இடம் கேட்கவில்லை. கம்பெனியின் தடத்தை மேம்படுத்தப் பணம் போட்டது. 2006 வாக்கில் வார நாட்களில் அது 16 ஜோடியாக வளர்ந்தது.

இரண்டாவது மெக்சிகோ வளைகுடாக் கரை. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் தடத்தை அடித்துக்கொண்டு போனது. சரக்குக் கம்பெனி சில மாதங்களில் தடத்தைச் சீரமைத்துத் தன் வண்டிகளை ஓட்டியது. பயணி வண்டி மட்டும் திரும்பவில்லை. நியூ ஆர்லியன்ஸ் - மொபீல் வண்டிக்காக 2021-இல் ஆம்ட்ராக் ரயில் ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போனது. 2022 நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. 2025 ஆகஸ்ட் 18 அன்று தினம் இரண்டு ஜோடி வண்டிகள் ஓடத் தொடங்கின. இருபது வருஷம் நிறைய 11 நாள்தான் பாக்கி!

மூன்றாவது வர்ஜீனியா. அவர்கள் கெஞ்சவும் இல்லை, வழக்காடவும் இல்லை, விலை பேசினார்கள். 2021 மார்ச்சில் முடிந்த ஒப்பந்தப்படி, சிஎஸ்எக்ஸ் கம்பெனியிடமிருந்து 52.5 கோடி டாலருக்கு 350 மைல் பாதை நிலத்தையும் 225 மைல் தண்டவாளத்தையும் மாநிலம் வாங்கியது. வாஷிங்டன் அருகே போட்டோமாக் ஆற்றின் மேல் சரக்கும் பயணியும் பங்குபோட்டு வந்த பழைய இருவழிப் பாலத்துக்குப் பக்கத்தில், பயணி வண்டிக்கென்றே புதுப் பாலம் கட்டும் வேலை 2024-இல் தொடங்கியது. மொத்தத் திட்டம் 370 கோடி டாலர். குடித்தனக்காரர் பக்கத்து மனையை வாங்கி வீடு கட்டிக்கொண்ட கதை.

மூன்றிலும் பொதுவானது ஒன்று உண்டு. முன்னுரிமைச் சட்டம் மட்டும் எங்கேயும் வண்டியைப் பெருக்கவில்லை. தடத்தில் இடத்தை உண்டாக்கிய பிறகே வண்டி பெருகியது.

நம் நாட்டில் சரக்குக்கும் பயணிக்கும் வீட்டுக்காரர் ஒருவரே. கூட்ஸ் சம்பாதிக்கும் பணத்தில்தான் நம் டிக்கெட் விலை குறைவாக இருக்கிறது. அந்தக் கூட்ஸையே நாம் லூப்பில் நிறுத்தி வைத்தோம். நெரிசல் முற்றியதும் இங்கே வர்ஜீனியாவுக்கு நேர்மாறான வழி பிறந்தது. சரக்குக்கென்றே தனித்தடம் போட்டார்கள். பஞ்சாபிலிருந்து பீகார் வரையிலான 1,337 கிலோமீட்டர் கிழக்குச் சரக்குத் தடம் 2023-இல் முடிந்தது. இங்கே சரக்கு விலகிக்கொண்டது, அங்கே பயணி விலகிக்கொண்டார். மருந்து ஒன்றுதான்.

ஆகவே அன்பர்களே, அடுத்த மனுவில் “இன்னொரு வண்டி விடுங்கள்” என்பதோடு இன்னொரு வரியும் சேர்ப்போம்: “எந்தப் பகுதியில் இடமில்லை, அங்கே அடுத்த தடம் எப்போது?” வண்டியைக் கேட்டால் ஒரு கோடைக்கு ஸ்பெஷல் கிடைக்கலாம். தடத்தைக் கேட்டு வாங்கினால் நம் பேரப்பிள்ளைகளும் அதில் ஊருக்குப் போவார்கள்.