கண்மாய் மீன் யாருக்கு?

எங்க சிவகங்கைச் சீமையில அறுப்பு முடிஞ்சு கண்மாய்த் தண்ணி வத்துனா மீன்பிடித் திருவிழாதான். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுனதும் ஊத்தா, கச்சா, வலையோட சனம் மொத்தமும் இறங்கிரும். பக்கத்து ஊர்க்காரங்களும் வருவாங்க. விரால், கெளுத்தி, கெண்டை எது மாட்டுனாலும் விக்கக் கூடாது, வீட்டுக் குழம்புக்குத்தான்.

டவுன்ல இருக்கிற உங்களுக்கு இது வெறும் விளையாட்டாத் தெரியலாம். கண்மாயை ஊரே பராமரிச்ச காலத்தோட மிச்சம் இது. கரை, மடை வேலைக்கு வீட்டுக்கு ஒரு ஆள், அதுதான் குடிமராமத்து. வெள்ளைக்காரன் 1858-ல அதைக் கட்டாயமாக்கிச் சட்டமே போட்டான். (தானா நடந்ததுக்கு எதுக்குச் சட்டம்?) பின்னாடி 40 ஹெக்டேருக்கு மேல பாசனம்னா பொதுப்பணித்துறை, கீழன்னா ஊராட்சி ஒன்றியம்னு ஆச்சு. பல கண்மாய்ல மீனும் ஏலத்துக்குப் போயிருச்சு.

இந்த வருசம் எங்க ஊர்லயும் ஏலப் பேச்சு. "பணம் வரும் சரி, கரை உடைஞ்சா மம்பட்டியோட யாரு வருவா?"ன்னு கூட்டத்துல கேட்டேன். இன்னும் முடிவாகலை.