பெண்கல்வியும் எங்கள் மூன்று தலைமுறைகளும்

எமது பாடசாலை நூறு வருடங்களைக் கொண்டாடும் இவ்வேளையில், பெண்பிள்ளை படிக்கப் போவதே பெரும் புதினமாக இருந்த காலத்தையும் நினைத்துப் பார்ப்பது பொருத்தமானது.

1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது பெற்றோர் தயங்கினர். உணவும் உடையும் கொடுத்தே பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. பின்னர் வேம்படியிலும் சுண்டுக்குளியிலும் மகளிர் பாடசாலைகள் எழுந்தன. சைவப் பிள்ளைகளுக்காகச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் ஒரு கல்லூரியை நிறுவினார். ஆயினும் ஆங்கிலக் கல்விக்குக் கட்டணம் இருந்தது. ஒரு பிள்ளைக்கே வசதியுள்ள வீட்டில் அந்தப் பிள்ளை மகனாகவே இருந்தான். எங்கள் அம்மம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றது அப்படித்தான். "பொம்பிளைப் பிள்ளைக்கு இது காணும்" என்றார்களாம்.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945 ஒக்டோபரில், இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அம்மாவுக்கு அப்போது 10 வயது. கட்டணம் நின்றதும் 'மகனா, மகளா' என்ற கேள்வியும் எங்கள் வீட்டில் வலுவிழந்தது. அம்மா இங்கே படித்து ஆசிரியையானார். அவரது சம்பளத்தில் தம்பிமார் இருவர் படித்தனர். ஓலை வீடு ஓட்டு வீடானது. சின்னம்மாவுக்குச் சீதனம் சேர்ந்தது. அதன் பின்னரே, 31 வயதில், அம்மாவுக்குக் கலியாணம். ஒரு பெண்ணின் படிப்பு குடும்பத்தையே உயர்த்தியது என்று பெருமையாகச் சொல்வோம். அதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்று நாங்கள் கேட்டதில்லை. கல்வி சீதனத்தையும் ஒழிக்கவில்லை; படித்த பெண்ணுக்குப் படித்த மாப்பிள்ளை தேடியபோது தொகைதான் கூடியது.

1974இல் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டபடியால், பின்னாளில் நான் வீட்டிலிருந்தே சைக்கிளில் போய்ப் பட்டம் பெற்றேன்.

இந்தப் படிகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கவில்லை. 1920களின் இறுதியில், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க அரசு பணித்தபோது, யாழ்ப்பாணத்தில் எதிர்த்தவர்களும் எம்மவர்களே. மலையகத்தில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். எங்கள் அம்மாவுக்குக் கிடைத்தது அங்கே ஒரு தலைமுறை பிந்தியே போய்ச் சேர்ந்தது.

இன்றும் வகுப்புக்குக் கட்டணமில்லை. ஆனால் ரியூசனுக்கும் பஸ்ஸுக்கும் சப்பாத்துக்கும் காசு வேண்டும். தட்டுப்பாடு வந்தால் பழைய கேள்வி மறுபடியும் வீட்டுக்குள் வருகிறது. ஆகவே, உலகெங்கும் வாழும் பழைய மாணவியரிடம் ஒரு வேண்டுகோள். எமது புலமைப்பரிசில் நிதி அதிக புள்ளி பெற்ற பிள்ளைக்கு மட்டும் போகவேண்டாம். தன் வீட்டில் முதன்முதலாக உயர்தரம் படிக்க வரும் பிள்ளையைத் தேடியும் போகட்டும். அம்மம்மாவுக்குக் கிடைக்காததை நாங்கள் கொடுக்கக்கூடிய வழி அதுவே.