சிட்டத்திலிருந்து நரம்புக்கு

அத்தைக்கு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை என்று முடிவானது. இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்து, மீதியை ஸ்டேப்ளர் போட்டுக் குழாய் போல மூடுவார்கள். அதற்கெல்லாம் அவள் அசரவில்லை. “நரம்புல பச்சைச் சாயம் ஏத்துவாங்களாமே, இன்னாடா கண்ணு அது?” என்றாள்.

ஐயம்பேட்டைக்காரிக்கு அந்தக் கேள்விதான் வரும். தாத்தா பட்டுக்குச் சாயம் போட்டவர். கொதிக்கிற தொட்டியில் சிட்டத்தைப் புரட்டிப் புரட்டி, அவருடைய நகக்கண்கள் கடைசிவரை அரக்கு நிறத்திலேயே இருந்தன. எங்கள் வீட்டில் நல்ல சாயம் என்றால் போகாத சாயம். அதை ரத்தத்தில் விடுவதா?

சாயத்துக்கும் மருந்துக்கும் உறவு பழையது. 1856இல் லண்டனில் பதினெட்டு வயது வில்லியம் பெர்கின் மலேரியாவுக்கான குயினைனைச் செய்யப் பார்த்தார். கிடைத்தது ஊதா நிறம். அதை முதலில் தோய்த்துப் பார்த்ததே பட்டில்தான். 1876இல் துணிக்காகப் பிறந்த மெத்திலீன் நீலத்தை 1891இல் பால் எர்லிக் மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்தார். இரைப்பையில் தையல் ஒழுகுகிறதா என்று பார்க்க, அந்த நீலத்தை இன்றும் குழாய் வழியே உள்ளே விடுகிறார்கள்.

அத்தை கேட்ட பச்சையின் பெயர் இண்டோசயனின் கிரீன். பிறந்த இடம் கோடாக் புகைப்படக் கம்பெனி. 1957இல் மேயோ கிளினிக்கில் இர்வின் ஃபாக்ஸ் இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று அளக்க இதை எடுத்துக்கொண்டார். 1959இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், பட்டும் புரதம், ரத்தத்திலுள்ள ஆல்புமினும் புரதம். இந்தப் பச்சையும் புரதத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஆனால் தாத்தாவின் சாயம் மாதிரி தங்குவதில்லை. மூன்று நான்கு நிமிடத்தில் பாதி போய்விடும். கல்லீரல் அதை எடுத்துப் பித்தநீரில் தள்ளிவிடும். இங்கே போகிற சாயம்தான் நல்ல சாயம்!

அகச்சிவப்பு ஒளி பட்டால் அது ஒளிரும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ரத்தம் போகிற இடம் திரையில் பச்சையாக மின்னும். ஓட்டம் குறைந்த இடம் இருண்டிருந்தால், மருத்துவர் அங்கே சுதாரிக்கலாம்.

ஆபத்தே இல்லையா? உண்டு, அபூர்வமாக. கடும் ஒவ்வாமை வந்திருக்கிறது, இறப்புகளும் பதிவாகியிருக்கின்றன. மருந்துப் பொடியில் கொஞ்சம் சோடியம் அயோடைடு சேர்ந்திருக்கும். அயோடைடு ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்னாடியே சொல்லிவிட வேண்டும். கல்லீரல் கெட்டிருந்தால் சாயம் மெதுவாகத்தான் வெளியேறும். பருமனானவர்களில் பலருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருப்பதால் இதை நான் அழுத்திச் சொன்னேன். கரைத்த மருந்தை ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்றதும், “தொட்டிச் சாயம் மாதிரியே ஆறவிடக் கூடாது போல” என்றாள்.

எனக்கு உறுத்துவது வேறு. பச்சை மின்னினால் அந்த நிமிஷம் ரத்தம் ஓடுகிறது என்றுதான் அர்த்தம். இரைப்பையின் மேல்முனையில், உணவுக்குழாய் சேரும் இடத்தருகே, சில நாள் கழித்துக்கூடக் கசிவு வரலாம். இந்தப் படத்தால் கசிவு உறுதியாகக் குறைகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆகவே வீடு திரும்பிய பிறகு காய்ச்சலோ படபடப்போ தோள்வலியோ வந்தால், “எல்லாம் பச்சையாத்தான் தெரிஞ்சுது” என்று யாரும் சும்மா இருக்கக் கூடாது. இதையும் அத்தையிடம் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடியது.

வரும் வாரம் மயக்க மருந்து மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். முன்பு ஒருமுறை ஸ்கேன் ஊசிக்கு உடம்பெல்லாம் தடித்ததை காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். கீழே கல்லீரல் பரிசோதனை. அதற்கும் கீழே ஒரு கேள்வி: “அந்தப் பச்சைப் படத்தை அப்புறம் எனக்குக் காட்டுவீங்களா?”