விதை இல்லாத வரலாறு: சிரத்தைக் குச்சியும் ஹைதராபாத்தும்

ஹைதராபாத்தின் யூனானி மருத்துவத்தில் ‘சிராயதா’ என வழங்கும் கசப்புச் சரக்கைத் தமிழ் மருந்துக்கடைகள் சிரத்தைக் குச்சி என்கின்றன. பெயரே ஒரு சான்று. தென்னாட்டார் இதனைச் செடியாக அறிந்தவர் அல்லர். காய்ந்த குச்சியாகவே அறிந்தவர். இமயமலையில் ஏறத்தாழ 1200 முதல் 3000 மீட்டர் உயரத்தில் வளரும் இச்செடி, தக்காணத்துக்குக் கட்டுகளாகவே வந்துசேர்ந்தது.

இது ஜென்ஷியன் குடும்பத்தைச் சேர்ந்தது. இல்லிரிய மன்னன் ஜென்தியஸின் பெயரால் அக்குடும்பத்தின் மூலப்பெயர் அமைந்தது என்பார் பிளினி. கிரேக்கரின் அந்த மருந்து அரபு மருத்துவ நூல்களில் ‘ஜிந்தியானா’ ஆகி, யூனானி வழியே இந்தியாவுக்கும் வந்தது. இமயத்துச் செடிக்கு ராக்ஸ்பர்க் இட்ட ‘ஜென்ஷியானா சிராயிதா’ என்னும் பெயரை 1810இல் ஃபிளெமிங் அச்சேற்றினார். பின்னாளில் அது ஸ்வெர்ஷியா பேரினத்துக்கு மாற்றப்பட்டது. 1839இல் எடின்பரோ மருந்துநூல் இச்சரக்கை ஏற்றுக்கொண்டது. பெயர், குணம், அளவு, வணிகம் யாவும் பதிவாயின. விதையைப் பற்றிய பேச்சோ அரிது.

இதனைச் சின்கோனாவின் வரலாற்றோடு ஒப்பிட்டுக் காண வேண்டும். 1860களில் மார்க்கமின் முயற்சியால் தென்னமெரிக்காவிலிருந்து சின்கோனா நீலகிரிக்கு வந்தது. மெக்ஐவரின் மேற்பார்வையில் தோட்டங்கள் எழுந்தன. 1865இல் லெட்ஜர் அனுப்பிய விதைகளை டச்சு அரசு வாங்கியது. அவற்றின் வழிவந்த மரங்களால் உலகக் கினைன் சந்தை ஜாவாவின் கைக்குச் சென்றது. ஒரு கசப்புக்காக விதை கடல் கடந்தது; இன்னொரு கசப்புக்காக விதை மலையை விட்டும் இறங்கவில்லை. காரணம் உண்டு. மலேரியாவைக் கினைன் தீர்த்தது. சிரத்தைக்கு அவ்வாற்றல் நிறுவப்படவில்லை. அன்றியும் காட்டில் எளிதாகக் கிடைப்பதை எவர் பயிரிடுவார்?

அந்த எளிமையின் விலை செடியின் இயல்பில் இருக்கிறது. மருந்தாவது முழுச்செடி, ஆகவே வேரோடு பிடுங்கப்படுகிறது. முதலாண்டில் இலைக்கொத்தாக மட்டும் நின்று, பின்னரே பூப்பது இச்செடி. விதை முற்றுமுன் பிடுங்கினால் அடுத்த தலைமுறையும் கட்டோடு போய்விடும். தூசு போன்ற விதையை ஆழப் புதைத்தல் ஆகாது. ஈர மண்ணின் மேல் தூவ வேண்டும். ஜென்ஷியன் இனங்கள் பலவற்றின் விதை குளிர்காலத்தைக் கடந்த பின்னரே உறக்கம் கலையும். இத்தனை பொறுமையைச் சந்தை அளிப்பதில்லை. இமயத்தின் மற்றொரு ஜென்ஷியனான ஜென்ஷியானா குர்ரூ இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் மிக அருகிய இனம்.

சமவெளியில் நடந்தது வேறு. விதையிலிருந்து எளிதில் வளரும் ஆண்ட்ரோகிராஃபிஸ் சிரத்தைக்கு மாற்றாயிற்று. தமிழில் நிலவேம்பு என்றும் தெலுங்கில் நேலவேமு என்றும் வழங்கும் அது ஜென்ஷியன் குடும்பத்தினதே அன்று. ஆயினும் ‘நிலவேம்பு’ என்னும் பெயர் பழைய பட்டியல்களில் இரு செடிகளையும் சுட்டுகிறது. பட்டியலைப் படிக்கும் ஆய்வாளர், குறிக்கப்படுவது எச்செடி என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில், 1972இல் தோன்றிய இக்ரிசாட் நிறுவனத்தின் மரபணு வங்கி, சோளம், கம்பு, துவரை, கடலை முதலிய பயிர்களின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகளைக் காக்கிறது. உணவுப் பயிருக்கு விதையே வரலாறு என்பதை இந்நகரம் அறியும். மருந்துச் செடிக்கும் அந்த அறிவு நீள வேண்டும். தக்காணத்தில் தானே முளைக்கும் வெள்ளறுகும் ஜென்ஷியன் குடும்பமே. மாணவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். மருந்து ஆவணங்களில் விலையையும் குணத்தையும் தேடும் நாம், பறித்த மாதத்தையும் தேடுவோம். செடி விதை விட்டுச் சென்றதா என்பதை அந்த ஒரு குறிப்பே சொல்லிவிடக்கூடும்.