இரவல் நிரல்

நிரலை இரவல் வாங்கும் பழக்கம் இணையத்துக்கு முந்தையது. 1955இல் அமெரிக்காவில் ஐபிஎம் 704 கணினிக்குக் காத்திருந்த நிறுவனங்கள் ‘ஷேர்’ என்ற பெயரில் ஒன்றுகூடின. தொழிலில் போட்டியாளர்களான விமானத் தயாரிப்புக் கம்பெனிகள்கூட, ஒரே கணக்குக்கு ஆளுக்கொரு நிரல் எழுதுவானேன் என்று தங்களுக்குள் பரிமாறிக்கொண்டன. கொடுத்தவர் யார் என்று வாங்கியவருக்குத் தெரியும். பிழை கண்டால் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். அந்த உறவு அறுந்து, நிரல் மட்டும் தனியே கைமாறத் தொடங்கிய பிறகுதான் இரவல் ஆபத்தானது என்பது என் கணிப்பு.

சி மொழியின் ‘கெட்ஸ்’ இதற்கு நல்ல சாட்சி. பயனர் தட்டும் வரியை அப்படியே வாங்கி நினைவகத்தில் வைக்கும் கட்டளை அது. அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்காது. உழக்கில் மரக்கால் நெல்லைக் கொட்டுகிற வேலை. 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் ஏவிய, தானே பரவும் புழு நிரல், கணினிகளுக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று இதுதான். பயனர் விவரம் சொல்லும் ‘ஃபிங்கர்’ சேவை நிரல் 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தது. புழு 536 பைட் அனுப்பியது. வழிந்த பகுதி, நிரல் அடுத்துத் திரும்பவேண்டிய முகவரியின் மேலேயே எழுதிவிட்டது. இவ்வளவு நடந்தும், பார்த்து எழுதுபவர்கள் இரவல் வாங்கும் மாதிரி நிரல்களில் ‘கெட்ஸ்’ தொடர்ந்தது. சி மொழியின் தரவரையறையிலிருந்து அது நீங்கியது 2011இல்தான்.

2017இல் வெளியான ஓர் ஆய்வு 13 லட்சம் ஆண்ட்ராய்டு செயலிகளை அலசியது. அவற்றில் 15.4 சதவீதத்தில், நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்திலிருந்து எடுத்த பாதுகாப்பு சார்ந்த நிரல்துண்டுகள் இருந்தன. அந்தச் செயலிகளில் 97.9 சதவீதத்தில் குறைந்தது ஒரு துண்டாவது பாதுகாப்பற்றது. சேவையகம் தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழைச் சோதிப்பதை எடுத்துக்கொள்வோம். சோதனைக் கணினியில் சான்றிதழ் பிழையால் வேலை நின்றுபோனவருக்கு, சரிபார்க்கும் செயற்கூற்றைக் காலியாக விடச் சொல்லும் பதில் கிடைக்கிறது: இரண்டு அடைப்புக்குறிகள், நடுவில் ஒன்றுமில்லை. பிழைச்செய்தி மறைகிறது. அதே துண்டு வங்கிச் செயலிக்குள் போனால், வங்கியின் பெயரைச் சொல்லி எந்தச் சேவையகம் வந்தாலும் செயலி நம்பிவிடும். இது சோதனைக்கு மட்டும் என்று பதிலின் கீழே யாராவது எச்சரித்திருந்தாலும், அந்த வரியை யாரும் நகலெடுப்பதில்லை.

பலர் பார்க்கும் இடத்தில் பிழை தங்காது என்பார்கள். உண்மைதான், பதில் திருத்தப்படும். ஏற்கெனவே எடுத்துப்போன நகல்களைத் திருத்துபவர் யார்? நகலெடுப்பவர்கள் சோம்பேறிகள், அதிகாரபூர்வ ஆவணத்தைப் படிக்கட்டும் என்பது இன்னொரு வாதம். 2016இல் 54 நிரலாளர்களை வைத்து நடந்த ஆய்வு இதைச் சோதித்தது. ஆவணத்தை மட்டும் வைத்து எழுதியவர்களின் நிரல், ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை மட்டும் பார்த்து எழுதியவர்களின் நிரலைவிடக் கூடுதல் பாதுகாப்பாக இருந்தது. ஆனால் சரியாக இயங்கியது குறைவு. ஆவணம் கைகொடுக்காதபோது இரவல் தேடிப் போனவரை மட்டும் பழிப்பது நியாயமில்லை. ஆவணம் எழுதுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் உரிமமே கேட்கிறது. எடுத்த பதிலின் முகவரியை நிரலின் தலைமாட்டில் ஒரு வரியாக எழுதிவையுங்கள். நாளை அந்தப் பதில் திருத்தப்பட்டால், உங்கள் இடத்தில் வேலை செய்பவர் போய்ப் பார்க்க அது உதவும்.