செருப்பும் சந்தனமும்

காலில் மாட்டிக்கொள்வதும் சாண்டல், நெற்றியில் இட்டுக்கொள்வதும் சாண்டலா? இங்கிலீஷ்காரனுக்கு வார்த்தைப் பஞ்சமா என்ன? உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும்.

இரண்டுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது! செருப்பு 'சாண்டல்', கிரேக்கர்களின் 'ஸாண்டாலியன்' என்ற சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. அதை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுவோம். நமக்கு வேண்டியது மணக்கிற சாண்டல்.

சம்ஸ்கிருதத்தில் 'சந்தன'. பாரசீகம் வழியாக அரேபியர்களிடம் போனபோது, அவர்கள் மொழியில் 'ச்ச' ஒலி இல்லாததால் 'ஸந்தல்' ஆனது. கிரேக்கத்தில் 'ஸாண்டலோன்'. அப்படியே லத்தீன், பிரெஞ்சு, இங்கிலீஷ். கடைசியில் செருப்போடு ஒரே ஸ்பெல்லிங்கில் போய் முட்டிக்கொண்டது!

சரி, சம்ஸ்கிருதத்துக்கு எங்கிருந்து வந்தது? 'பிரகாசிப்பது' என்ற பொருளுள்ள வேர்ச்சொல்லிலிருந்து என்பவர்கள் உண்டு. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு சம்ஸ்கிருதப் பேராசிரியர் டி.பர்ரோ, அதன் மூலம் திராவிடம் என்றார். நம்ம 'சாந்து'! கொத்தனார் குழைப்பதும் சாந்து, பொட்டு வைப்பதும் சாந்து, அரைத்துப் பூசும் சந்தனமும் சாந்து. மரம் அதிகம் வளர்ந்தது தெற்கே என்பதால், எனக்கென்னவோ பர்ரோ பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது.

கிழக்கே அந்தச் சொல் போனது புத்த மதத்தோடு. சீனர்கள் 'ஜான்டான்' என்றார்கள். பிறகு அது சுருங்கி 'டான்'. சந்தனக்கட்டை 'டான் ஷியாங்'. ஹவாய் தீவுகளின் தலைநகரான ஹோனலுலுவுக்குச் சீன மொழியில் இன்றைக்கும் பெயர் என்ன தெரியுமா? 'டான் ஷியாங் ஷான்', சந்தன மலை!

ஹவாய் மலைகளில் வேறொரு வகைச் சந்தனம் ஏராளமாக இருந்தது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கப்பல்காரர்கள் அதை வாங்கி, சீனாவின் கான்டன் துறைமுகத்தில் விற்றார்கள். மன்னர் கமேஹமேஹா உயிரோடிருந்தவரை வியாபாரம் அவர் கைக்குள் இருந்தது. 1819-ல் அவர் இறந்ததும் தலைவர்கள் ஆளாளுக்குக் கடனில் சாமான்கள் வாங்கிக் குவித்தார்கள். புது மன்னர் லிஹோலிஹோ ஓர் அமெரிக்க உல்லாசக் கப்பல்மேல் ஆசைப்பட்டார். விலை, சுமார் 480 டன் சந்தனக்கட்டை! (வாங்கிய நாலாவது வருடம், 1824-ல், அந்தக் கப்பல் கரை தட்டி உடைந்துபோனது.)

கடனை யார் அடைப்பது? ஜனங்கள்தான். 1826-ல் வரி போட்டார்கள். ஒவ்வொரு ஆணும் சுமார் முப்பது கிலோ சந்தனக்கட்டை கொண்டுவர வேண்டும், அல்லது நாலு ஸ்பானிஷ் டாலர் கட்ட வேண்டும். நாலு டாலருக்கு அந்த ஏழை எங்கே போவான்? வயலைப் போட்டுவிட்டு மலையேறினான். விவசாயம் படுத்தது, பஞ்சம் வந்தது. கப்பலின் அடித்தளம் அளவுக்குக் குழி வெட்டி, அது நிறையக் கட்டையை அடுக்கி அளந்து, பிறகு முதுகில் சுமந்து இறக்கினார்கள். 1830-களில் வெட்டுவதற்கு மரமே அதிகம் மிஞ்சவில்லை. 'இந்தக் கஷ்டம் நம்ம பிள்ளைகளுக்கு வேண்டாம்' என்று, கண்ணில் பட்ட கன்றுகளை எல்லாம் ஜனங்கள் பிடுங்கி எறிந்ததாக அங்கே ஒரு செவிவழிக் கதை உண்டு.

நம்ம பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? 1792-ல் திப்பு சுல்தான் சந்தனத்தை 'ராஜ மரம்' என்று அறிவித்தார். எவர் நிலத்தில் முளைத்தாலும் அரசாங்கச் சொத்து! மைசூர் மகாராஜாக்களும், அப்புறம் வந்த சர்க்கார்களும் இதையே பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் ஊற்றுவது விவசாயி. மரம் களவு போனால் பதில் சொல்லவேண்டியதும் விவசாயி. எதற்கு வம்பு என்று அவரும் கன்றைக் கிள்ளிப் போட்டார். கர்நாடகத்தில் 2001-லும், தமிழ்நாட்டில் 2002-லும்தான் சட்டத்தைத் திருத்தி, 'உங்கள் நிலத்துச் சந்தன மரம் உங்களுடையதே' என்றார்கள். வெட்டுவதற்கு மட்டும் வனத்துறை அனுமதி வேண்டும்!